மாலைக்கு வைத்த கொக்கி

ஐயா, அம்மையீர்,

வணக்கம். தூத்துக்குடியில் துறைமுகத்திற்குச் செல்லும் சாலையோரம் லேத் பட்டறை வைத்திருக்கும் முதியவன் இதை எழுதுகிறேன். பள்ளிப் படிப்பு எனக்குப் பாதியில் நின்றுவிட்டது. எஞ்சிய தமிழைச் செய்தித்தாளிலிருந்தும் நூலகத்திலிருந்தும் நானே சேர்த்துக்கொண்டேன். ஆகவே சொல் எங்கேனும் அளவு மீறினால் பொறுத்தருள்க. நான் சொல்ல வந்தது இதுதான்: என் பட்டறையில் நானே உருவாக்கிய ஓர் இயந்திரத்தை, வேறொருவரிடமிருந்து களவாடிச் செய்தேன் என்று எனக்கு வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது.

எங்கள் ஊரிலிருந்து உப்பும் மீனும் மட்டுமே கப்பலேறுவதாகப் பலர் எண்ணுகின்றனர். காய்ந்த ஓலையும் காயும் பூவும்கூட ஏறுகின்றன. வெளிநாட்டார் தம் வீடுகளில் அழகுக்காக அவற்றை வாங்கி வைக்கின்றனர். பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈட்டி போலவும் விசிறி போலவும் நறுக்கி, சாயமேற்றி அனுப்புவது அவற்றுள் ஒன்று. இதில் நறுக்குவதுதான் கடினம். காய்ந்த ஓலையில் கத்தி பட்டால் ஓரம் நார்நாராகப் பிளந்துவிடும். எனவே குடோன்களில் வேலைசெய்யும் பெண்கள் விடியற்காலைப் பனியில் ஓலையைப் பரப்பி, அது இளகும் பதம் பார்த்துக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். வெயில் ஏறினால் பதம் போய்விடும், வேலையும் நின்றுவிடும்.

இந்தத் தொழிலில் இருக்கும் ஏற்றுமதியாளர் ஒருவர், காயல்பட்டினத்துக்காரர், ஒரு நாள் என் பட்டறைக்கு வந்தார். வயதில் என்னைவிட இளையவர்தாம் எனினும் ஊர் வழக்கப்படி நாங்கள் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்றே அழைப்போம்.

“அண்ணாச்சி, உச்சி வெயில்லயும் ஓலை வெட்டுத மாதிரி ஒரு மிஷின் வேணும். வெளிநாட்டு மிஷினு ஒண்ணு பாத்தேன். அது வாழை இலையக்கூட ஒழுங்கா வெட்டாது போல.”

நான் செய்து கொடுத்தேன். குறைகள் தீரும்வரை அது என் பட்டறையிலேயே ஓடிற்று. இரண்டு மர உருளைகள். அவற்றின்மேல் சாக்கு சுற்றியிருக்கும். சாக்கில் ஒரு குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். ஓலை அவ்வுருளைகளுக்கிடையே புகுந்து, ஈரம் வாங்கி, உலருமுன்பே கத்தியின் கீழ் சென்றுவிடும். வெட்டு சுத்தமாக விழுந்தது. ஆனால் கப்பலில் போன சரக்கு அங்கே திறந்தபோது பூஞ்சை பிடித்திருந்தது. காக்காவின் முகத்தைப் பார்க்கவே நான் அஞ்சினேன்.

பின்னர் ஒரு நாள் மாநகராட்சித் தண்ணீர் வரவில்லை. அது இங்கே புதுமையன்று. என்னிடம் பணிபுரியும் மணப்பாடு ஊர்க்காரரான ஃபிட்டர் பக்கத்து உப்பளத்திலிருந்து இரண்டு கேன் உப்புநீர் கொண்டுவந்து ஊற்றி, அன்றைய வேலையை ஒப்பேற்றிவிட்டார். அன்று வெட்டிய ஓலை மட்டும் பூஞ்சையின்றிப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு உப்பளத் தண்ணீரே எங்கள் முறையாயிற்று. துருப்பிடிக்காத எஃகுக்குக் கத்தியை மாற்றினேன். அந்த இயந்திரத்தில் கண்டுபிடிப்பு என்று ஏதேனும் உண்டாயின், அது அவ்வுப்புநீரும் உருளையும் கத்தியும் ஒன்றுக்கொன்று நெருங்கி அமைந்த விதமே. அதிலும் பாதி, தண்ணீர் வராததால் வந்தது.

அவ்வாண்டு ஆயுத பூசைக்கு என் மனைவி மாலையோடு வந்து அந்த இயந்திரத்தின்முன் நின்றாள். எங்கே போட்டாலும் மாலை வழுக்கி விழுந்தது.

“இம்புட்டுப் பெரிய மிஷின் செஞ்சீயளே, மாலை போட ஒரு இடம் வைக்கத் தெரியலையே. எல்லாம் மொட்டையா இருக்கு.”

ஃபிட்டர் சிரித்துக்கொண்டே முன்தகட்டில் ஒரு சிறு கொக்கியை வெல்டு செய்தார். மாலை நின்றது. அதன்பின் நாங்கள் செய்த ஒவ்வோர் ஓலை இயந்திரத்திலும் அந்தக் கொக்கியை வைத்தோம். அது இல்லாவிட்டால் ஏதோ முடிக்காமல் விட்டதுபோல் தோன்றும்.

ஆயுத பூசையன்று பட்டறைகளின் கதவுகள் அகலத் திறந்திருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. கருவிகளைக் கழுவிச் சந்தனம் வைப்போம். தெருவில் போகிறவர், வருகிறவர் யாராயினும் உள்ளே அழைத்துப் பொரியும் கடலையும் கொடுப்போம். அன்று எந்த இயந்திரமும் ஓடாது. மறுநாள் விஜயதசமி காலையில், அதே கூட்டத்தின் முன்னிலையில், ஒவ்வொன்றையும் முதலோட்டம் ஓட்டிப் பார்ப்போம். இதில் மறைக்க வேண்டியது ஏதேனும் உண்டு என்று எங்களில் ஒருவரும் எண்ணியதில்லை.

காக்காவிடம் ஓலை வாங்கும் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றின் ஆட்கள் அவரது குடோனில் இயந்திரத்தைக் கண்டு, ஒன்றை விலைக்குக் கேட்டனர். செய்து கொடுத்தோம். கண்டெய்னரில் அது ஏறிய நாளில் நான் துறைமுக வாயில்வரை பின்னாலேயே சென்று பார்த்துவிட்டு வந்தேன். பெருமையாக இருந்தது. எதிரிலுள்ள தேநீர்க் கடைக்காரரிடம் அதைச் சொன்னபோது, “அண்ணாச்சி மிஷினு கப்பல்ல போகுது, அண்ணாச்சி இன்னும் டவுன் பஸ்ல போறீயளே” என்றார்.

அடுத்த சில ஆண்டுகள் நல்லவிதமாகவே சென்றன. கொழும்பிலிருந்து ஒரு வணிகர் காக்கா வழியாக இரண்டு இயந்திரங்கள் கேட்டார். அவற்றைச் செய்து மரப்பெட்டியில் அடைத்து, கண்டெய்னர் யார்டில் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் அறிவிப்பு வந்தது. அதே ஐரோப்பிய நிறுவனம் உப்புநீர் உருளையுடன் கூடிய ஓலை வெட்டும் இயந்திரத்திற்கு இந்தியாவில் காப்புரிமை பெற்றுவிட்டதாகவும், நான் அதைப் பார்த்துச் செய்து விற்பதாகவும், உடனே நிறுத்தாவிடில் வழக்குத் தொடர்வதாகவும் எழுதியிருந்தனர். கொழும்பு வணிகருக்கும் படி அனுப்பியிருந்தனர். அவர் அஞ்சி, சரக்கை ஏற்ற வேண்டாமென்று காக்காவிடம் சொல்லிவிட்டார்.

ஐயா, அன்றுமுதல் எனக்கிருந்த பதற்றத்தை எழுத்தில் வைப்பது எளிதன்று. சாலையில் ட்ரெய்லர் லாரி ஒன்று வேகம் குறைத்தாலும் என்னைத் தேடி வருகிறதோ என்று எழுந்து நிற்பேன். புதியவர் எவரேனும் கைப்பேசியை உயர்த்தினால் இயந்திரத்தின்மேல் தார்ப்பாயை இழுத்து விடுவேன். ஒருவர் தம் மனைவிக்கு வழி சொல்லக் கைப்பேசி எடுத்தார். அவரிடமும் கடிந்து பேசிவிட்டேன். என் பிள்ளைகள் வெளியூரில் இருக்கின்றனர். அவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. “திருடன்” என்ற சொல் அந்த அறிவிப்பில் இல்லைதான். ஆனால் படித்துப் படித்துப் பார்க்கையில் ஒவ்வொரு வரியின் பின்னாலும் அதுவே எனக்குத் தெரிந்தது.

மதுரையில் இத்தகைய வழக்குகளை நடத்தும் அம்மையார் ஒருவர் இருப்பதாகக் காக்கா அறிந்து, அவரைப் பட்டறைக்கே வரவழைத்தார். காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட வரைபடத்தை அவர் எடுத்து வந்திருந்தார். அதை மேசைமேல் விரித்து, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே எழுதியிருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். உருளை, சொட்டுக் குழாய், கத்தி என எல்லாம் என்னுடையவை. ஆனால் வேறு யாருடைய கையாலோ வரையப்பட்டவை. என் முகத்தை வேறொருவர் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது.

“அடுத்தது, முன்தகட்டில் இருக்கிற கொக்கி. மின்கம்பியைத் தொங்கவிடுறதுக்குன்னு போட்டிருக்காங்க” என்றார் வழக்கறிஞர்.

ஃபிட்டர் முதலில் சிரித்தார். பிறகு அடக்கமாட்டாமல் அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்தார். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“கம்பியா? அது சாமி மாலைக்குல்லா வச்சது! என் யோசனைலா அது. அப்போ அந்தப் பேட்டன்டுல எனக்கும் ஒரு பங்கு குடுப்பாவளா?”

வழக்கறிஞரும் சிரித்தார். ஆனால் உடனே முகம் மாறிற்று. “ஐயா, இது அவங்க உங்க மிஷினைப் பாத்துத்தான் வரைஞ்சாங்கன்னு காட்டும். ஆனா கொக்கிக்கு அவங்க உரிமை கேக்கலை. உப்புநீர் உருளைக்குத்தான் கேட்டிருக்காங்க. அவங்க விண்ணப்பிச்ச தேதிக்கு முன்னாலேயே அது இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு நாம காட்டணும்.”

“நாங்க ஒரு மிஷின் அவங்களுக்கே வித்தோமே மேடம்?” என்றேன்.

“ரசீதுல என்ன எழுதினீங்க?”

‘ஓலை வெட்டும் இயந்திரம்’ என்று மட்டுமே எழுதியிருந்தோம். அன்று தாம் வாங்கிய இயந்திரத்தில் உப்புநீர் அமைப்பே இல்லை, அதைத் தம் பொறியாளர்களே பின்னர் சேர்த்தனர் என்று அவர்கள் சொல்லக்கூடும் என்றார் அம்மையார். அவர் சொன்னதில் பிழையில்லை.

பூசைப் படங்கள் இருக்கின்றனவே என்று என் மனைவி நினைவூட்டினாள். அவளது கைப்பேசியிலும், ஃபிட்டரின் கைப்பேசியிலும், அக்கம்பக்கத்தார் கைப்பேசிகளிலும் தேடினோம். படங்கள் ஏராளமாகக் கிடைத்தன. இயந்திரம் சந்தனமும் குங்குமமுமாக அழகாக நின்றது. ஆனால் அந்தக் கொக்கியிலிருந்து தொங்கிய மாலை, கதம்பமும் மரிக்கொழுந்துமாகப் பருத்து, உருளைகளை முழுவதும் மறைத்திருந்தது. ஒவ்வொரு படத்திலும் அப்படியே. காட்ட வேண்டிய ஒன்றை மட்டும் கடவுளுக்குப் போர்த்தியிருந்தோம்.

“ஏளா, மாலையக் கொஞ்சம் சின்னதா வாங்கியிருக்கப்படாதா?” என்று நான் கேட்டேன்.

“சாமிக்கு சின்ன மாலை வாங்கணும்னு எந்த வக்கீலும் அப்போ சொல்லலையே” என்றாள் அவள். இருவரும் சிரிக்கவில்லை.

இவ்வாறு நாள்கள் நகர்கையில் அந்நிறுவனம் சமாதானம் பேச முன்வந்தது. ஓர் ஒப்பந்தம் அனுப்பினர். அதில் நான் கையொப்பமிட்டால், இந்தப் பகுதியில் அவ்வியந்திரத்தைச் செய்வதற்கு அவர்களிடம் அனுமதி பெற்றவனாவேன். கொழும்புச் சரக்கும் கப்பலேறும். காக்கா தம் அலுவலகத்தில் அதை என்முன் வைத்தார். அவருக்கும் நெருக்கடிதான். அவரது ஓலையில் பெரும்பகுதியை வாங்குவது அந்நிறுவனமே.

“ஒரு கையெழுத்து அண்ணாச்சி. நாளைக்கே பெட்டி கப்பல்ல ஏறிரும். வேலை நிக்காது. நம்ம ரெண்டு பேருக்கும் தொல்லை விட்டுது.”

நான் பேனாவை எடுத்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வயதான காலத்தில் நீதிமன்றப் படியேறுவதை எண்ணிப் பார்க்கவும் நான் விரும்பவில்லை. ஆயினும் அச்செழுத்து எதையும் படிக்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை மெல்ல மெல்லக் கடந்து சென்றேன். ‘தொழில்நுட்பப் பரிமாற்றம்’ என்ற தலைப்பின் கீழ் நின்றேன். இவ்வியந்திரத்தின் நுட்பத்தை நான் அந்நிறுவனத்திடமிருந்தே பெற்றுக்கொள்வதாக ஒப்புக்கொள்கிறேன் என்றும், அதனை இயக்குவதற்கு எனக்கும் என் பணியாளருக்கும் அவர்கள் பயிற்சி அளிப்பார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது.

“காக்கா, உப்புத் தண்ணிய எப்படி ஊத்தணும்னு இவங்க வந்து எனக்குச் சொல்லிக் குடுப்பாங்களாம்.”

காக்கா தலை குனிந்துகொண்டார். “எழுத்துல அப்படித்தான் போடுவாங்க அண்ணாச்சி. யாரு வந்து பாக்கப்போறா?”

“நான் பாப்பேனே” என்றேன். ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பட்டறைக்குள் போக மனமில்லாமல் எதிர்க்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் தேநீரை ஆற்றி வைத்துவிட்டு, வழக்கம்போல் கேட்டார்:

“அண்ணாச்சி, உப்புப் போடவா, சீனி போடவா?”

அவர் என்னிடம் இதைக் கேட்காத நாளில்லை. பழகிப்போன கேலி, ஆகையால் நான் காதிலேயே வாங்குவதில்லை. அன்று மட்டும் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“வே, இதை நீரு என்கிட்ட முதமுதல்ல எப்போ கேட்டீரு?”

“இதென்ன அண்ணாச்சி கேள்வி? அந்த ஓலை மிஷினுக்கு முதமுதல்ல ஆயுத பூசை போட்டு, மறுநாள் ஓட்டுன அன்னைக்குத்தான். நம்ம கடைப் பக்கத்துலகூட அந்த வீடியோவைப் போட்டேனே. ஊரே சிரிச்சுது.”

அவர் தமது கடைக்கு முகநூலில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். வடையையும் வாடிக்கையாளரையும் அதில் போடுவார். விரலால் தள்ளிக்கொண்டே பின்னால் போனார். நான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து பார்த்தேன். பல பண்டிகைகளைத் தாண்டியபின் அந்த விஜயதசமி வந்தது. மாலையைக் கழற்றியிருந்தோம். வாயிலில் கூட்டம். காக்கா ஓரமாக நின்று பொரியை மென்றுகொண்டிருக்கிறார். உருளைகள் சுழல்கின்றன. ஃபிட்டர் கேனிலிருந்து ஊற்றுகிறார். படத்தில் அது வெறும் தண்ணீர்போலத்தான் தெரிகிறது. ஆனால் படம் எடுத்தவரின் குரல் தெளிவாகக் கேட்டது:

“என்ன அண்ணாச்சி, மிஷினுக்கு உப்பளத்துத் தண்ணிய ஊத்துதீய? உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டரு சொன்னது உங்களுக்கா, மிஷினுக்கா?”

அதற்கு நான் பதில் சொல்கிறேன். என் குரலே எனக்கு அயலாருடையதுபோல் இருந்தது. “உப்புத் தண்ணியில நனைச்சாத்தான்டே பூஞ்சை பிடிக்காது. நனைஞ்ச சூட்டோட வெட்டணும். அதாம் சூட்சுமம்.” ஊர் முழுவதும் கேட்க உரக்கச் சொல்லியிருக்கிறேன்.

வழக்கறிஞர் அதை இரண்டு முறை கேட்டார். “இது போதும் ஐயா. அவங்க விண்ணப்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே பொதுவில் வந்திருக்கு. காப்புரிமை கொடுத்து இன்னும் ஒரு வருஷம் ஆகலை. எதிர்ப்பு மனு போடலாம்” என்றார். பிறகு சற்றே தயங்கி, “ஆனா இன்னொண்ணு உங்ககிட்ட மறைக்கக் கூடாது” என்றார்.

நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர்களுடைய காப்புரிமை நீங்கினால் அது எனக்கு வந்துசேரும் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அவ்வாறு வராது என்றார் அவர். எந்தச் சொல் அவர்களுக்கு உரிமையில்லை என்று காட்டுகிறதோ, அதே சொல் எனக்கும் உரிமையில்லை என்று காட்டிவிடும். நான் வாயிலைத் திறந்துவைத்து உரக்கச் சொன்ன அன்றே அது எல்லாருடையதும் ஆகிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஆக, ஒரு பக்கம் ஒப்பந்தம்: வேலை நடக்கும், ஆனால் இது என்னுடையதன்று என்று எழுத வேண்டும். மறு பக்கம் எதிர்ப்பு மனுவோடு சேர்க்கும் உறுதிமொழிப் பத்திரம்: இதை நான் செய்தேன் என்று எழுதலாம், ஆனால் இது என்னுடையது மட்டுமன்று என்றும் சேர்த்தே எழுத வேண்டும். இரண்டிலும் நான் எதையோ இழக்கிறேன் என்பது மட்டும் விளங்கிற்று. என் மனைவியிடம் கேட்டேன்.

“ஊருக்குப் போனா போவுது. ஊருல நாமளும் இருக்கோம்லா?” என்றாள்.

நான் உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட்டேன். தேநீர்க் கடைக்காரர், தம் கேலி சட்டத்திற்கு உதவுமென்று அறிந்ததிலிருந்து சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து சாட்சியாகக் கையொப்பமிட்டார். இனிக் காக்காதான் எஞ்சியிருந்தார். அவர் அந்த வீடியோவில் நிற்கிறார். முதல் இயந்திரத்தைக் கேட்டு வாங்கியவரும் அவரே. அவர் சாட்சி சொன்னால் அந்நிறுவனத்தின் வியாபாரம் அவரை விட்டுப் போய்விடும். நான் அவரை வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் அவர் பட்டறைப் பக்கம் வரவேயில்லை. மூன்றாம் நாள் தொழுகை முடிந்து நேராக வந்தார்.

“எங்க போடணும்?” என்றார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “என்ன அண்ணாச்சி பாக்குதீய? உங்க வாசல்ல நின்னு பொரி தின்னுருக்கேன். ஊரே பாத்த வீடியோவுல வாயை அசைச்சுக்கிட்டு நிக்கேன். நான் அங்க இல்லைன்னு யாருகிட்டப் போய்ச் சொல்ல?”

மனு போய்ச் சேர்ந்தது. சில வாரங்கள் கழித்து, அந்நிறுவனம் கொழும்பு வணிகருக்கு அனுப்பிய எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏன் என்று ஒரு வரியும் எழுதவில்லை. யார்டில் கிடந்த இரண்டு பெட்டிகளும் கப்பலேறின. இம்முறை நான் வாயில்வரை போகவில்லை. காக்காவுக்கு அந்நிறுவனத்திடமிருந்து அதன்பின் எந்த ஆர்டரும் வரவில்லை. அவர் இப்போது வேறு நாடுகளில் வாங்குவோரைத் தேடுகிறார். என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

எதிர்ப்பு மனுவின்மேல் இன்னும் தீர்ப்பு வரவில்லை. அது வரும்வரை அக்காப்புரிமை தாளில் உயிரோடுதான் இருக்கிறது என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். ஆகவே தபால்காரரின் மணியொலிக்கு நான் இன்னமும் திடுக்கிடுகிறேன். இதற்கிடையே அடுத்த தெருப் பட்டறையிலும் ஓலை இயந்திரம் செய்யத் தொடங்கிவிட்டனர். போய்ப் பார்த்தேன். நன்றாகவே செய்திருக்கின்றனர். முன்தகட்டில் கொக்கியும் இருந்தது. அது எதற்கென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே எனக்கு ஆறுதல்.

இவ்வாண்டு ஆயுத பூசை வந்தபோது, ஓலைக்குச் சாயமேற்றுவதற்கு நான் செய்துகொண்டிருந்த புதிய இயந்திரம் ஒன்று பட்டறையில் நின்றது. முதலில் காப்புரிமை விண்ணப்பம், பிறகு காட்சி என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விண்ணப்பம் இன்னும் எழுதி முடியவில்லை. வாயிலை அடைப்பதா என்று காலையிலிருந்து யோசித்தேன். அடைக்க மனம் வரவில்லை. புதியதன்மேல் மட்டும் சாக்கைப் போட்டு நான்கு பக்கமும் கட்டினேன். என் மனைவி மாலையோடு வந்து நின்றாள்.

“சாமிகிட்டயும் மறைக்கணுமா?”

“சாமி யார்கிட்டயும் சொல்லாது. பின்னால நிக்கவங்களுக்குத்தான் மூடியிருக்கேன்.”

அவள் சாக்கின்மேல் கைவைத்துத் தடவிக் கொக்கியைத் தேடினாள். அங்கே வைத்திருந்தேன். சாக்கோடு சேர்த்து மாலையை மாட்டினாள். வந்தவர்கள் பொரி வாங்கிக்கொண்டு, அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த இயந்திரத்திற்குச் சென்றனர். எங்கள் பட்டறையில் யாரும் ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்காமல் நகர்ந்தது அதுவே முதல்முறை. அந்த அமைதி எனக்குப் பழகவில்லை. மறுநாள் முதலோட்டத்தின்போது அதை மட்டும் ஓட்டாமல் விட்டேன். தேநீர்க் கடைக்காரர் கைப்பேசியைத் தூக்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தீர்ப்பு எவ்வாறு வரும் என்பதை நான் அறியேன். நான் இல்லாத காலத்தில் அது வரவும் கூடும். அன்று யாரேனும், இந்த இயந்திரம் எங்கே பிறந்தது, அதன் முன்தகட்டில் அந்தக் கொக்கி எதற்கு என்று கேட்டால், விடை இங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, ஐயா, அம்மையீர், தாங்கள் படித்து முடித்தபின் இதனை எறிந்துவிடாமல் எடுத்து வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.